உடலையும் பேணுவோம்



பெரட்டுக்குப் போகுமுன் கத்தியைத் தீட்டி வைக்கிறோம். கத்தி ஆழமாய்ப் பட்டால் பட்டை முண்டும் முடிச்சுமாகும் என்று அஞ்சி அளவோடு வெட்டுகிறோம். மரத்துக்கு ஓய்வும் தருகிறோம். இத்தனை கவனத்தில் கால்பங்காவது நம் உடலுக்குத் தந்தோமா?

2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்கள் ஐவரில் ஏறக்குறைய ஒருவருக்கு நீரிழிவு. இந்தியரிடையே இன்னும் அதிகம். நோய் முற்றினால் பாதம் மரத்துப்போகும். முள் தைத்தாலும் தெரியாது; புண் புரையோடிக் காலையே எடுக்க நேரும். அப்புறம் நிரையில் நடப்பது எப்படி? நாளெல்லாம் நாற்காலியில் அமரும் கிராணிமாரையும் இந்நோய் விடுவதில்லை.

ஆகவே, தேத்தண்ணீரில் சீனியைப் பாதியாக்குவோம்; கெட்டிப்பாலிலும் சீனி உண்டென்பதை மறவோம். காலணியின்றி வேலைக்காட்டில் இறங்கோம். மாலையில் குளித்ததும் பாதத்தைப் பார்ப்போம். ஆண்டுக்கொரு முறையேனும் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதிப்போம். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.

சம்பள உயர்வு கேட்பது நம் உரிமை. பெற்ற சம்பளத்தை அனுபவிக்க உடல் வேண்டாமா? தன்னைப் பேணுதல் தன்னலமன்று. நம் பிள்ளைகளுக்குச் செய்யும் கடமை. இன்றே தொடங்குவோம்!