சேர்க்கை மட்டும் சமத்துவமாகாது



1894ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அன்று பொதுப்பள்ளியின் வாயில் நமக்குப் பெரிதும் அடைபட்டிருந்தது. இன்று திறந்திருக்கிறது, ஆயினும் உள்ளே சென்ற பிள்ளை எவ்வாறு நடத்தப்படுகிறது?

நான் படித்த பள்ளியில் வகுப்பறையைப் பெருக்க அழைக்கப்பட்டோர் யாவரும் நம் தெருப் பிள்ளைகளே. அதைக் கேட்பார் அன்று இல்லை. இன்றோ, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரின் பெற்றோர்க்கும் உரிய விகிதத்தில் இடமுண்டு.

இளைஞர்களே! உங்கள் தாய்மாரை அக்கூட்டத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். துடைப்பம் யார் கையில், முதல் வரிசையில் யார் என வினவுங்கள். தலைமையாசிரியனாகிய என்னிடமும் வினவுங்கள். விடையளிப்பது என் கடமை.