கழுத்து டிஸ்க் விலகினால் ஒப்பரேஷன்தானா?

(கண்டிப் பகுதித் தோட்டமொன்றின் மாதர் சங்கக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கண்டி கிளினிக்குக்குப் போய்வருகிற நம்ம ஆட்கள் சிலர், "டிஸ்க் விலகிப் போச்சாம், ஒப்பரேஷன் செய்யணுமாம்" என்று கலங்கிப்போய் வந்து நிற்கிறார்கள். சிலர் அந்தப் பயத்திலேயே மறுபடி ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை. சிலர் வலி தாங்காமல் நகையை அடகு வைத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். இந்த இரண்டு பேருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். வலி எவ்வளவு என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கைகால் பலம் குறைகிறதா என்று பாருங்கள்.

முதலில் டிஸ்க் என்றால் என்ன என்று பார்ப்போம். நம் கழுத்தில் 7 எலும்புகள் இருக்கின்றன. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருப்பதுதான் டிஸ்க். அதன் வெளிப்பக்கம் கெட்டியான வளையம், உள்ளே மெதுவான சதை. வயது போகப் போக வளையம் காய்ந்து வெடிக்கும். அப்போது உள்ளே இருப்பது பிதுங்கி, பக்கத்தில் கைக்குப் போகிற நரம்பை அழுத்தும். கழுத்தின் கீழ்ப்பகுதியில்தான் இது அதிகம் வருகிறது. அந்த நரம்புகள் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் பக்கம் போகின்றன. நாம் கொழுந்து கிள்ளுவதும் அதே விரல்களால்தானே! அதனால்தான் சிலருக்கு விரல் மரத்து, கொழுந்து குறைந்து, அரைப்பேரில் வந்து நிற்கிறது. வீட்டிலுள்ளவர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கக் கூடாது.

கூடையைத் தலைக்கயிற்றில் சுமந்ததால்தான் டிஸ்க் விலகியது என்று யாருக்கும் அடித்துச் சொல்ல முடியாது. பாரமே தூக்காதவர்களுக்கும் இது வருகிறது. ஆனால் பழுதான கழுத்தில் கூடையையும் விறகுக்கட்டையும் ஏற்றினால் வலி கூடும்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். கை நெடுக மின்சாரம் அடித்தது போல வலி, இரவில் தூக்கமில்லை, ஆனால் கையில் பலம் இருக்கிறது, நடை சரியாக இருக்கிறது என்றால், டொக்டர்மார் பெரும்பாலும் முதலில் 6 கிழமை முதல் 12 கிழமை வரை பொறுத்துப் பார்க்கச் சொல்வார்கள். குளிசை, பிசியோதெரபி, பாரம் தூக்காமை, இவைதான் அந்தக் கால வைத்தியம். இது கைவிட்டுவிடுவது இல்லீங்க. பிதுங்கிய சதை பலருக்குத் தானாகவே சுருங்கிப் போகிறது. அதற்குத்தான் அந்த அவகாசம்.

1997இல் சுவீடன் நாட்டு ஆய்வொன்று வெளிவந்தது. மூன்று மாதத்துக்கு மேலாகக் கழுத்து நரம்பு அழுத்தத்தால் கைவலி இருந்த 81 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஒப்பரேஷன், ஒன்றுக்குப் பிசியோதெரபி, மற்றதற்குக் கழுத்துப் பட்டி. ஒப்பரேஷன் செய்தவர்களுக்கு முதலில் வலி சீக்கிரம் குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

எம்.ஆர்.ஐ. படத்தில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தாலும் உடனே நடுங்க வேண்டாம். 1990இல் அமெரிக்காவில் எந்த நோவும் இல்லாத 63 பேரின் கழுத்தைப் படமெடுத்தார்கள். 40 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 28 பேருக்குப் படத்தில் கோளாறு தெரிந்தது! ஆகவே படத்தோடு ஆளையும் சோதித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆனால் எல்லோரும் பொறுத்திருக்க முடியாது. கழுத்தெலும்புக்குள்ளே மூளையிலிருந்து இறங்கும் பெரிய நரம்பு ஒன்று இருக்கிறது. அதை முண்ணாண் என்பார்கள். டிஸ்க் அதையே அழுத்தினால் வலி கொஞ்சமாகத்தான் இருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. ஆபத்து அங்கேதான். இந்த அடையாளங்களைக் கவனியுங்கள்: சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. தீக்குச்சி உரச விரல் வளையவில்லை. கோப்பை கை நழுவுகிறது. பழகிய படியிலேயே கால் தடுமாறுகிறது. கையின் பலம் நாளுக்கு நாள் குறைகிறது. இதில் ஒன்று இருந்தாலும் கிளினிக் தவணை வரட்டும் என்று இருக்காமல் தோட்ட வைத்திய உதவியாளரிடம் சொல்லி உடனே கடிதம் வாங்கிப் போங்கள். சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, கைகால் திடீரென விழுந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒப்பரேஷனைத் தள்ளிப்போடுவதுதான் பயப்பட வேண்டிய விஷயம். போன பலம் முழுவதும் திரும்பி வராமல் போகலாம். இருக்கிறதையாவது காப்பாற்றத்தான் ஒப்பரேஷன். பெரும்பாலும் கழுத்தின் முன்பக்கம் சிறிதாக வெட்டி, கெட்ட டிஸ்க்கை எடுத்துவிட்டு, இரண்டு எலும்பையும் சேர்த்து வைப்பார்கள். பிறகு கொஞ்ச நாள் தொண்டை கட்டலாம், விழுங்கக் கஷ்டமாக இருக்கலாம். கிருமி தொற்றுவதும் நரம்புக்குச் சேதம் வருவதும் அரிது, ஆனாலும் உண்டு.

நாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்கிற கண்டி தேசிய வைத்தியசாலையிலே நரம்பு சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அடகுக் கடைக்குப் போகுமுன் அங்கே போய், டொக்டரிடம் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்.

அழுத்துவது கை நரம்பையா, முண்ணாணையா?

இன்னும் 6 கிழமை பொறுத்தால் எனக்கு என்ன ஆகும்?

ஒப்பரேஷனால் எது சுகமாகும், எது சுகமாகாது?

எத்தனை மாதம் வேலைக்குப் போக முடியாது?

சிங்களம் தெரிந்த பிள்ளையையோ உறவுக்காரரையோ கூட்டிப் போங்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

செய்யக் கூடாததும் உண்டு. சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரையும் கழுத்தைத் திருப்ப விடாதீர்கள். சலூனில் முடி வெட்டிவிட்டுக் கழுத்தை முறிக்கிறார்களே, அதுவும் வேண்டாம். நோவுக் குளிசையைக் கடையில் மாதக்கணக்காக வாங்கி விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். கழுத்துப் பட்டியை டொக்டர் சொன்ன நாளுக்கு மேல் போட்டால் கழுத்துத் தசை பலமிழக்கும்.

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. 6 கிழமை ஓய்வு என்று டொக்டர் எழுதிக் கொடுப்பது சுலபம். லயத்தில் தண்ணீர் தூக்குவதும் விறகு சுமப்பதும் அந்த அம்மாவின் தலையிலேயே இருந்தால் அந்த ஓய்வு கடதாசியில்தான் இருக்கும். அந்த 6 கிழமைக்கும் குடத்தையும் விறகையும் நீங்கள் தூக்குங்கள். வைத்தியத்தில் பாதி அதுதான்.