கையை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள்



இந்த மாதம் நான் கதைக்க எடுத்துக்கொண்டது டிஸ்க் கோல்ப். நோர்வேக்காரர் பிறிஸ்பிகோல்ப் என்பார்கள். ஒஸ்லோவில் இருப்பவர்களுக்கு எக்கெபெர்க் தெரியாமல் இராது. நோர்வே கப் உதைபந்தாட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், குடையும் சோற்றுப் பெட்டியுமாக நின்ற வெளி அது. அந்தப் பக்கத்தில் மரங்களுக்கு இடையே சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைகளைக் கண்டிருப்பீர்கள். அதுதான் இந்த விளையாட்டின் களம்.

விதி சின்னது. தட்டை எறிகிறீர்கள், விழுந்த இடத்திலிருந்து திரும்ப எறிகிறீர்கள். எத்தனையாவது எறியில் கூடைக்குள் விழுகிறது என்பதுதான் கணக்கு. குறைய எறிந்தவர் வென்றார். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் 1975இல் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தார். அவர் 2002இல் காலமானபோது, அவர் கேட்டுக்கொண்டபடியே அவருடைய அஸ்தியைப் பிளாஸ்ரிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். கங்கையில் கரைப்பதைக் கேள்விப்பட்ட எங்களுக்கு அது கொஞ்சம் அதிசயம்தான். சரி, விடயத்துக்கு வருவோம்.

சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்களில் நாலைந்து குடும்பங்களுக்கு இந்த விளையாட்டைப் பழக்கிக் கொடுத்து வருகிறேன். பெரும்பாலான களங்களில் காசு கட்டத் தேவையில்லை. இரண்டு தட்டு வாங்கினால் காணும். ஆகவே ஆர்வமாக வருகிறார்கள். ஆனால் ஆறேழு கிழமைக்குள் தகப்பன்மார் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். கேட்டால் மறுமொழி ஒன்றுதான்: "அண்ணை, முழங்கை நோகுது. எவ்வளவு இழுத்து எறிஞ்சாலும் அது இடப்பக்கம் போய் விழுகுது."

இதைச் சின்ன விடயமாக நான் நினைக்கவில்லை. எங்கள் ஆட்களில் கனபேர் கிழமை முழுக்கக் கையால் உழைப்பவர்கள். துப்புரவு வேலை, களஞ்சிய வேலை, உணவகச் சமையலறை, முதியோர் இல்லத்தில் ஆளைத் தூக்கிப் படுக்க வைக்கும் வேலை. தோளும் முழங்கையும் ஏற்கெனவே தேய்ந்துபோய் இருக்கின்றன. அதற்கு மேல் சனிக்கிழமையும் அதே கையை வதைத்தால் அது தாங்காது. தகப்பன் நின்றால் பிள்ளையும் சில நாளில் நின்றுவிடும், அல்லது தனியே போகும். பதின்மூன்று, பதினாலு வயதுக்குப் பிறகு அப்பாவோடு இரண்டு மணித்தியாலம் நடந்து திரிய ஒரு பிள்ளை சம்மதிக்கிற சந்தர்ப்பம் இந்த நாட்டில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதனால்தான் எறியும் முறையைப் பற்றி இன்று கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நான் சொல்வது புறங்கை வீச்சு. ஆங்கிலத்தில் பாக்ஹாண்ட் என்பார்கள். வலக்கைக்காரரை வைத்துச் சொல்கிறேன். இடக்கைக்காரர் எல்லாவற்றையும் மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். தட்டை எறிவது கை அல்ல. கால் தொடங்குகிறது, இடுப்பு திரும்புகிறது, அதன் பின்னால் தோள் திரும்புகிறது. கை எல்லாவற்றுக்கும் கடைசியில், ஒரு கயிறு மாதிரி இழுபட்டு வருகிறது. கையே முந்திக்கொண்டு போனால் காலும் இடுப்பும் செய்ய வேண்டிய வேலை முழுவதும் முழங்கையில் வந்து விழும். நோவும் வரும், தூரமும் போகாது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் மண்ணெண்ணெய் வாட்டர் பம் வைத்து இறைத்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது மிகச் சுலபம். கப்பியில் கயிற்றைச் சுற்றிவிட்டு எப்படி இழுப்பீர்கள்? கையை நீட்டி வட்டமாக வீசுவதில்லை. காலை ஊன்றி, முதலில் கயிற்றின் தொய்வை மெதுவாக எடுத்து, முழங்கையை முன்னே விட்டு நெஞ்சோரமாக நேர்கோட்டில் இழுத்து, கடைசியில் ஒரு வெட்டு வெட்டுவீர்கள். தொடக்கத்திலேயே பலத்தைக் கொடுத்தால் பம் ஸ்ராட் வராது, கைதான் சுளுக்கும். புறங்கை வீச்சும் அதேதான். பம் உங்களுக்குப் பின்னால், கூடை இருக்கும் திசைக்கு நேர் எதிரே இருப்பதாக நினையுங்கள். அதிலிருந்து கயிற்றைக் கூடைப் பக்கம் இழுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இனி நிற்கும் விதம். வலது தோள் கூடையைப் பார்க்க, பக்கவாட்டில் நில்லுங்கள். கால்கள் தோளகலத்துக்குச் சற்றுக் கூட. முழங்கால் இளகியிருக்கட்டும். இடுப்பையும் தோளையும் பின்னால் திருப்புங்கள். திருப்பும்போது தலையும் கூடவே திரும்பும், கூடை கண்ணிலிருந்து மறையும். பயப்பட வேண்டாம், கூடை ஓடிப்போகாது! கூடையையே பார்த்துக்கொண்டு நின்றால் தோள் பாதிதான் திரும்பும். பாரம் இடக்காலின் உட்புறத்தில் இருக்க வேண்டும். வெளிப்புறத்துக்குச் சரிந்தால் உடம்பு பின்னால் வழிந்துவிடும்.

பிறகு வலக்காலை வைத்து அதில் பாரத்தை ஏற்றுங்கள். குதிக்கால் நிலத்தில் அழுந்திய பிறகுதான் தட்டு முன்னோக்கி வரவேண்டும். இந்த ஒழுங்கு மிக முக்கியம். கால் காற்றில் இருக்கும்போதே கை கிளம்பிவிட்டால், அது கையால் மட்டும் எறிந்த எறி.

தட்டு நெஞ்சுக்குக் கிட்டவாக வரும்போது மேற்கைக்கும் நெஞ்சுக்கும் இடையில் இடைவெளி இருக்க வேண்டும். ஒரு பெரிய தலையணையைக் கட்டிப் பிடித்திருப்பது போல. அந்த இடைவெளி சுருங்கி மேற்கை நெஞ்சோடு ஒட்டிவிட்டால், தட்டு உடம்பைச் சுற்றி வளைந்து வரும். நேர்கோடு போய்விடும். கையை விட்டுப் பிந்திக் கழன்றால் வலப்பக்கம் பறக்கும், முந்திக் கழன்றால் இடப்பக்கம். பக்கத்தில் நிற்பவர்கள் கவனம்!

முழங்கை முன்னே வந்த பிறகு முன்கை தானாக விரியும். அந்த இடத்தில்தான் பிடி இறுக வேண்டும். தொடக்கம் முதலே தட்டைக் கழுத்தை நெரிப்பது போலப் பிடித்தால் மணிக்கட்டு மரக்கட்டையாகிவிடும். சுழற்சி கிடைப்பது மணிக்கட்டில். பம்பரம் விட்டவர்களுக்குத் தெரியும், சாட்டை நன்றாக ஏறினால் அது தூங்கும், ஏறாவிட்டால் தலையாட்டி விழும். சுழற்சி குறைந்த தட்டும் அப்படியே தலையாட்டி விழும்.

எறிந்தவுடன் நின்றுவிடாதீர்கள். வலக்காலின் குதியில் பாதம் சுழன்று, உடம்பு முழுவதும் கூடைப் பக்கம் திரும்பிப் போகட்டும். பாதம் நிலத்தில் ஒட்டியிருக்க மேல் உடம்பு மட்டும் சுழன்றால், அந்தத் திருகல் முழங்காலில் இறங்கும். முழங்கையைக் காப்பாற்றப் போய் முழங்காலைக் கொடுக்கக்கூடாது.

இடப்பக்கம் விழுவதற்கு வருவோம். வலக்கைப் புறங்கை வீச்சில் தட்டு வேகம் குறையும்போது இடப்பக்கம் சாய்வது இயற்கை. ஆனால் எங்கள் ஆட்களின் தட்டு மேலே எழும்பி, ஒரு கணம் நின்று, செத்த காகம் மாதிரி இடப்பக்கம் விழுகிறது. அதற்குக் காரணம் தட்டின் முன்விளிம்பு மேலே தூக்கியிருப்பது. காற்று அடியில் பிடித்துவிடுகிறது. கேத்திலில் இருந்து தேத்தண்ணி ஊற்றும்போது மணிக்கட்டு எப்படிச் சற்றுக் கீழே சரிகிறதோ, அப்படிச் சரித்துப் பிடித்தால் முன்விளிம்பு இறங்கும். பெண்கள் இதை உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது காரணம் கடையில் தொடங்குகிறது. எங்கள் தகப்பன்மார் கடைக்குப் போனால் தூரம் போகும் தட்டைத்தான் கேட்பார்கள். இனோவா நிறுவனத்தின் தட்டுகளில் நாலு எண்கள் இருக்கும், அதில் முதலாவது வேகம். டெஸ்ட்ரோயர் என்ற தட்டுக்கு அது 12. லெப்பர்டுக்கு 6, ஏவியாருக்கு 2. 12 என்றால் அது தானே வேகமாகப் போகும் என்று பொருளல்ல. அந்த வேகத்தை நீங்கள் கொடுத்தால்தான் அது தன் பாதையில் போகும் என்று பொருள். கொடுக்க முடியாவிட்டால் உடனே இடப்பக்கம் சரியும். முதல் வருடம் ஏவியார் போன்ற மெதுவான தட்டு ஒன்றும், லெப்பர்ட் போன்றது ஒன்றும் போதும். மெதுவான தட்டு எறியில் உள்ள பிழையை மறைக்காது. தலையாட்டினால் ஆட்டிக் காட்டும்.

ஓடிவந்து எறிவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். காலைக் குறுக்காகப் பின்னால் வைத்து வரும் அந்த மூன்று எட்டு நடை பார்க்க அழகுதான். ஆனால் நின்ற இடத்தில் சரியாக எறியத் தெரியாதவருக்கு அது பிழையைப் பெருக்கும். பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் ஆளில்லாத நேரம் நின்றபடியே எறிந்து பழகுங்கள், அரைப் பலத்தில். அரைப் பலத்தில் தட்டு ஆட்டமில்லாமல் 40 மீட்டர் நேராகப் போனால் அதுவே நல்ல தொடக்கம். தொழில்முறை ஆட்டக்காரர் 120 மீட்டருக்கு மேல் எறிவார்கள். டேவிட் விக்கின்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் 2016இல் பாலைவனக் காற்றின் உதவியோடு 338 மீட்டர் எறிந்தார். அதையெல்லாம் பார்த்து இரசிக்கலாம், பின்பற்றத் தேவையில்லை. நான் பார்க்கச் சொல்வது எஸ்தோனியாவின் கிறிஸ்ரின் தத்தாரை. 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகச் சம்பியனானவர். அவர் எறிவதை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். அவசரமே இருக்காது. கால் ஊன்றும் வரை கை காத்திருக்கும்.

காணொளி பார்ப்பதென்றால் பிள்ளையோடு இருந்து பாருங்கள். நோர்வேஜிய மொழியிலும் ஆங்கிலத்திலும் சொல்வதைப் பிள்ளை உங்களுக்குத் தமிழில் விளங்கப்படுத்தட்டும். இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் குதிக்காலுக்கும் தமிழ்ச்சொல் தேடிச் சொல்ல வேண்டி வரும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வராத சொல் அப்போது வரும். ஒருவர் எறிய மற்றவர் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் கொள்ளுங்கள். வலக்கால் ஊன்றிய நேரம் தட்டு எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். பின்னால் நின்றால் சரி, நெஞ்சைத் தாண்டிவிட்டால் கை முந்திவிட்டது. ஒன்று மட்டும், பிள்ளை எறியும்போது பின்னால் நின்று ஒவ்வொரு எறிக்கும் திருத்தம் சொல்லாதீர்கள். வாயை மூடிக்கொண்டு தட்டைப் பொறுக்கிக் கொடுங்கள்.

நோ இருக்கும்போது எறிய வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் நின்றால் உங்கள் குடும்ப வைத்தியரிடம் போங்கள். எறியத் தொடங்கு முன் பத்து நிமிடம் நடந்து, தோளைச் சுழற்றி உடம்பைச் சூடாக்குங்கள், முக்கியமாக ஒக்ரோபருக்குப் பிறகு. பனி விழுந்த பிறகும் விளையாடலாம். தட்டின் அடியில் ஒரு முழ நாடாவை ஒட்டிவிட்டால் பனிக்குள் புதைந்தாலும் வால் தெரியும். வழுக்கும் நிலத்தில் நின்ற எறி மட்டும்தான், அது மேசையிலேயே முடிவான விடயம். பழகியவர்களிடமும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.