மூலநூல் கைவசம் இருத்தல்

(நம் சங்கத்துக் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணினிமொழி பயிலும் நம் பிள்ளைகளின் கல்வி, இணையம் இல்லாத வேளையிலும் தடைபடாதிருத்தற்குரிய உபாயம் ஒன்றைக் கூற விழைகின்றேன். தமிழாசிரியனுக்கு இவ்விஷயத்தில் என்ன வேலையென்று சிலர் நினைக்கக்கூடும். இலக்கணம் கற்பிப்போனுக்கு எம்மொழியின் இலக்கணமும் அயலன்று.

கணினிக்கு ஏவலிடும் மொழி ஒவ்வொன்றிற்கும், அதனை ஆக்கிக் காப்போரே எழுதிவைத்த விளக்கநூல் உண்டு. இன்ன சொல் இன்ன தொழில் செய்யும், அதற்கு இன்னது கொடுத்தல் வேண்டும் என்று அது வரையறுத்துரைக்கும். இவ்வழக்கம் புதிதன்று. கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி என்னும் இருவர் யூனிக்ஸுக்கு எழுதிய கைந்நூலின் முதற்பதிப்பு 1971-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதியிட்டது. அம்மரபைத் தழுவிய லினக்ஸ் கணினியில் 'மேன்' என்று தட்டி ஓர் ஏவலின் பெயரைச் சேர்த்தால், அதன் விளக்கம் இன்றும் திரையில் தோன்றும், இணையம் வேண்டுவதில்லை.

நிற்க. நம் பிள்ளைகளிற் பலர் செய்வது யாது? ஐயம் எழுந்தவுடன் கைப்பேசியில் தேடி, யாரோ எழுதிய துணுக்கைப் பெயர்த்தெழுதுகின்றனர். அன்றைய டேட்டா தீர்ந்ததும் படிப்பும் நின்றுபோகின்றது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மேலே கற்க, கூலிவேலை செய்வோர் பிள்ளை மறுநாளை எதிர்நோக்கியிருக்கின்றது. இவ்வேற்றுமை அறிவுக்குறையால் வந்ததன்று. நூல் கைவசம் இல்லாமையால் வந்தது.

இதற்குப் பரிகாரம் எளிது. பைத்தன் மொழியை எடுத்துக்கொள்வோம். அதன் வலைத்தளத்தில் விளக்கநூல் முழுவதும் ஒரே கட்டாக இலவசமாய்க் கிடைக்கின்றது. ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால், எத்தனை கணினிகளுக்கும் படியெடுக்கலாம். அன்றியும் பைத்தனுக்குள்ளேயே 'ஹெல்ப்' என்னும் ஏவல் உண்டு. ஐயுற்ற சொல்லை அதனிடம் கொடுத்தால் பொருளுரைக்கும். ரஸ்ட் மொழி பயில்வோர் 'ரஸ்டப் டாக்' என்று ஏவினால், கணினியிலேயே நிறுவப்பட்டுள்ள நூல் திறக்கும். பல மொழிகளின் நூல்களை ஒருங்கே சேர்த்துவைத்துத் தேடுதற்கு 'ஸீல்' என்னும் இலவசச் செயலி உதவும்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. நூலும் மொழியும் ஒரே பதிப்பினவாதல் வேண்டும். 'மேட்ச்' என்னும் தொடரமைப்பு 2021-இல் வெளிவந்த பைத்தன் 3.10-இலேதான் சேர்ந்தது. 3.9 உள்ள கணினியில் அதனை எழுதினால் பிழையென்றே வரும். காரணம் அறியாத பிள்ளை தன் புத்தியை நொந்துகொள்ளும்.

நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளனவே என்பீராயின், மெய்யே. எனினும் அவற்றில் வருங் கலைச்சொற்கள் திரும்பத்திரும்ப வருவனவே. மூத்த மாணாக்கர் நாளொரு பக்கம் இளையோருக்குப் படித்துப் பொருள் சொல்வாராயின், சில திங்களில் அச்சம் நீங்கும்.

ஆதலின் சங்கத்தார்க்கு என் விண்ணப்பம் இது. நம் படிப்பகக் கணினியில் இந்நூல்களைச் சேர்த்துவைத்து, வேண்டிய மாணாக்கர்க்கெல்லாம் படியெடுத்துக் கொடுத்தல் வேண்டும். பைத்தனின் புதுப்பதிப்பு ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் வருதலின், அப்போது புதியதைச் சேர்த்துப் பழையதையும் பேணுக. இதற்குப் பெருநிதி வேண்டா. பொறுப்பேற்கும் இளைஞர் இருவர் போதும். அவ்விருவரும் இக்கூட்டத்திலேயே முன்வருவார்களென்று நம்பி அமைகின்றேன்.