திறப்பான் வேண்டாத மூடி

சோடாப் போத்தலின் தகர மூடியைக் கழற்றத் திறப்பான் தேவை. கழற்றிய மூடியோ குப்பைக்குத்தான். வில்லியம் பெயின்டர் 1892இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மூடி அது. விலை மலிவு என்பதால் எங்கும் பரவிற்று.

அதற்கு முன்னரே, 1875இல், நியூயார்க்கைச் சேர்ந்த சார்லஸ் டி குவில்ஃபெல்ட் வேறொரு மூடிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். போத்தலின் கழுத்தில் பிணைத்த கம்பியே அதன் நெம்புகோல். கட்டைவிரலால் கம்பியைக் கீழே அழுத்தினால் ரப்பர் வளையம் போத்தலின் வாயை இறுக அடைக்கும். மேலே தள்ளினால் திறந்துகொள்ளும். மூடியும் கழுத்தைவிட்டுப் பிரியாது, தொலையாது. நாளடைவில் கெடுவது பெரும்பாலும் அந்த வளையமே. அதை மட்டும் மாற்றினால் மூடி மீண்டும் உழைக்கும்.

புதுப்பொருள் ஆக்க விழையும் இளைஞர்களே! எந்த உறுப்பு முதலில் தேயும், அதைத் தனியே மாற்ற இயலுமா என்று வரைபடம் போடும்போதே கேளுங்கள். நெடுநாள் உழைக்கும் பொருள் அக்கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது.