சுருங்கச் சொல்லலும் ஒருமை காத்தலும்: ஹேஷ் நிரல் குறித்து ஒரு மொழியியல் நோக்கு



ஷா-256 என்னும் ஹேஷ் முறை, எத்துணைப் பெரிய கோப்பையும் 256 பிட் அளவுள்ள ஒரு முத்திரையாகச் சுருக்குகிறது. மூலத்தில் ஒரு புள்ளி மாறினும் முத்திரை முற்றிலும் வேறாகும். மின்னூலகங்கள் தம் நூல்கள் சிதையாதிருப்பதை இத்தகைய முத்திரைகளைக் கொண்டு சரிபார்க்கலாம். கோப்புகள் இலட்சக்கணக்கில் பெருகும்போது வேகம் இன்றியமையாததாகிறது.

இம்முறை, உரையை 64 பைட்டுத் துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டையும் 64 சுற்றுகளில் கலக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் எட்டு எண்கள் பங்கேற்கின்றன. அவற்றுள் இரண்டே புதிதாகக் கணிக்கப்படுபவை. ஏனைய ஆறும் ஓரிடம் தள்ளி அமர்பவை. தேர்ந்த நிரலாளர் அந்த ஆற்றையும் நகர்த்துவதில்லை. எட்டுச் சுற்றுகளை அடுத்தடுத்து விரித்தெழுதி, பெயர்களை மட்டும் மாற்றுகிறார். எட்டாம் சுற்றின் முடிவில் பெயர்கள் பழைய நிலைக்கே திரும்புகின்றன.

இன்னுமொரு சிக்கனம் உண்டு. முதல் எண்ணின் பிட் ஒன்றாயின் இரண்டாம் எண்ணின் பிட்டையும், சுழியாயின் மூன்றாம் எண்ணின் பிட்டையும் தெரிவு செய்தல் வேண்டும். வரையறைப்படி இதற்கு நான்கு செயல்கள் தேவை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாட்டை முதலாவதால் வடிகட்டி, அதனை மூன்றாவதோடு வேறுபாட்டு முறையிலேயே சேர்த்தால் மூன்று செயல்கள் போதும். விடையில் ஒரு பிட்டும் மாறாது. நூலின் அழகுகளுள் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்த பவணந்தியார் இதனை உவந்திருப்பார்.

நிரலில் சொல் வேறாயினும் பொருள் ஒன்றே. தமிழ் உரையிலோ நிலைமை தலைகீழ். 'கொ' என்னும் எழுத்தை ஒருங்குறியில் இருவகையாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றை இட்டால் 6 பைட்டு, ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டால் 9 பைட்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, முத்திரையோ வெவ்வேறு. ஒரே நூலின் இரு படிகள் இதனால் வேறு நூல்களாகத் தோன்றும். மாசற்ற படியும் திருத்தப்பட்டதென்ற ஐயத்துக்கு உள்ளாகும்.

ஒருங்குறி வகுத்த இயல்பாக்க முறை இவ்விரு வடிவங்களையும் ஒன்றாக்கும். வேகம் கருதி அதனை விடுத்தல் தகாது. எனினும் மூலக் கோப்பை மாற்றுதலும் தகாது. ஆதலின், மூலத்துக்கு ஒரு முத்திரையும் இயல்பாக்கிய படிக்கு ஒரு முத்திரையுமாக இரண்டினைக் காத்தல் நன்று. முன்னது கோப்பின் தூய்மைக்குச் சான்று. பின்னது உரையின் ஒருமைக்குச் சான்று. விரைந்த நிரல் மிச்சப்படுத்தும் நேரத்தை இவ்விரண்டாம் முத்திரைக்குச் செலவிடுவோமாக.