சாயும் சுவரும் நமது பொறுப்பும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

இவ்வாண்டுக் கூட்டத்தில் கட்டடப் பணியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் ஓசூர் ஓயாமல் கட்டப்பட்டு வருகின்றது. நம் ஜமாஅத்திலேயே மேஸ்திரிகள் உண்டு. கம்பி கட்டுவோர், சென்ட்ரிங் வேலை செய்வோர், ஒப்பந்தக்காரர், வீடு கட்டி வாடகைக்கு விடுவோர் உண்டு. ஜும்ஆவின் பின்வரிசைகளில் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த சகோதரர்களைக் காண்கின்றோம். சாரத்தின் மீது நிற்கும் ஒருவர் தவறி விழுந்தால் அவருடைய குடும்பத்திற்கு யார் பதில் சொல்வது? இதுவே நம் முன்னுள்ள கேள்வி.

"எல்லாம் தக்தீர்" என்று சொல்லி முடித்துவிடுவோர் உண்டு. விதியை நம்புவது ஈமானின் அங்கம். ஆனால் நம் மார்க்கச் சட்டம் அத்தோடு நின்றுவிடவில்லை. ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற சட்ட நூலாகிய ஹிதாயாவில் சாயும் சுவருக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஒருவருடைய சுவர் பாதையின் பக்கம் சாய்ந்திருக்கின்றது, அதை அகற்றுமாறு அவரிடம் கோரப்பட்டது, அகற்றுவதற்கு அவகாசமும் இருந்தது, அவர் அகற்றவில்லை. பின்னர் அது விழுந்து சேதம் நேர்ந்தால் அவரே பொறுப்பாளி. தொடக்கத்திலேயே சாய்வாகக் கட்டியிருந்தாலோ, எவரும் எச்சரிக்காவிடினும் அவர் பொறுப்பாளியே! இடிக்கும் மழையும் சுவர் உரிமையாளருக்கும் இடையில் நம் ஃபுகஹாக்கள் எத்துணை நுட்பமாகக் கோடு கிழித்துள்ளனர் பாருங்கள்.

இதை நம் காலத்தில் கண்ணெதிரே கண்டோம். 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில், கட்டுமானத்திலிருந்த 11 மாடிக் கட்டடம் மழைவேளையில் சரிந்து விழுந்தது. 61 உயிர்கள் மாண்டன. வயிற்றுப் பிழைப்புக்காக வேறு மாநிலங்களிலிருந்து வந்தோர் அவர்களில் பலர். இடி விழுந்ததே காரணம் என்ற பேச்சு அப்போது எழுந்தது. ஆனால் அருகில் நின்ற, இடிவிழாத இணைக் கட்டடமும் பாதுகாப்பற்றது என்று முடிவாகி, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. தொடக்கத்திலேயே சாய்வாகக் கட்டப்பட்ட சுவர் என்பதன் பொருள் இதுதான்.

நாட்டுச் சட்டமும் இதே திசையில் செல்கின்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 290ஆம் பிரிவு, கட்டடத்தைக் கட்டும்போதோ, பழுது பார்க்கும்போதோ, இடிக்கும்போதோ அது விழுந்து மனித உயிருக்கு ஆபத்து நேராதவாறு தக்க கவனம் கொள்ளாதவரைத் தண்டிக்கின்றது. அலட்சியத்தால் உயிரே போய்விட்டால் 106ஆம் பிரிவின்படி 5 ஆண்டுகள் வரை சிறை உண்டு.

அடுத்தது இழப்பீடு. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும் 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டங்களும், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அடங்கிவிட்டன. ஆயினும் கணக்கின் அடிப்படை மாறவில்லை. பணியில் இறந்தவரின் மாத ஊதியத்தில் பாதியை, அவர் வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்குரிய எண் 207.98. மாத ஊதியம் 15,000 ரூபாய் எனக் கொண்டால், 15 லட்சத்து 59 ஆயிரத்துக்கும் மேல் அக்குடும்பத்திற்குச் சேர வேண்டும். நம்மிடையே உள்ள சிறு ஒப்பந்தக்காரர் எத்தனை பேரால் இத்தொகையை ஒரே வேளையில் எடுத்து வைக்க முடியும்? அவரால் இயலாவிடில் இழப்பது யார்? ஒரு விதவையும் சில எத்தீம்களும் அல்லவா!

எல்லையோரத்தில் வாழும் நாம் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இங்கே குடியிருந்து அத்திப்பள்ளிக்கும் பொம்மசந்திராவுக்கும் வேலைக்குச் செல்வோர் பலர். நல வாரியம் மாநிலத்திற்கு மாநிலம் வேறு. ஆனால் இழப்பீட்டுக் கோரிக்கையை விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, கோருபவர் வசிக்கும் பகுதியிலும் தாக்கல் செய்யலாம். "விபத்து கர்நாடகத்தில் நடந்தது, இங்கே ஒன்றும் செய்ய இயலாது" என்று எவரேனும் சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

காப்பீடு கூடுமா என்று கேட்கின்றீர்கள். அதில் ரிபாவும் கரர் எனும் நிச்சயமின்மையும் கலப்பதால் எழும் ஐயம் நியாயமானதே. பரஸ்பர உதவியை அடிப்படையாகக் கொண்ட தகாஃபுல் முறைக்கு மலேசியா 1984இல் தனிச் சட்டம் இயற்றியது; நம் நாட்டில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; நிர்ப்பந்தம் கருதி அனுமதித்தோரும் உளர். ஐயமுள்ளோர் முஃப்தியிடம் கேட்டுத் தெளிவு பெறுக. ஆனால் இடரைப் பலர் சேர்ந்து சுமப்பது நமக்குப் புதிதன்று. தவறுதலாக நேர்ந்த கொலைக்குரிய தியத்தை, குற்றவாளியின் ஆகிலா எனும் கூட்டத்தார் மூன்று ஆண்டுகளில் பகிர்ந்து செலுத்துவது நம் ஃபிக்ஹில் உள்ளதே. காப்பீடு வேண்டாம் என்பவர் அத்தொகையைத் தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும். காப்பீடும் இல்லை, கையில் பணமும் இல்லை என்பது பேணுதல் ஆகாது. அடுத்தவர் உரிமையை ஆபத்தில் விடுவதாகும்.

எனவே நிர்வாகத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது: பள்ளிவாசலோ, மதரஸாவோ, வக்ஃபு கடைகளோ எதைக் கட்டினாலும் மண் பரிசோதனையும், தகுதி பெற்ற பொறியாளர் ஒப்பமிட்ட வரைபடமும், முறையான அனுமதியும் இன்றி கடைக்கால் தோண்டலாகாது.

இரண்டாவது: தொழிலாளர் இழப்பீட்டுக்கு ஒப்பந்தக்காரர் செய்துள்ள ஏற்பாட்டின் நகல் நம் கைக்கு வந்த பின்னரே முதல் தவணை வழங்க வேண்டும்.

மூன்றாவது: வேலை செய்வோரின் பெயர், ஊர், வாரிசு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இயங்குகின்றது. அதில் பதிவு செய்யாதோருக்கு நம் இளைஞர்கள் உதவ வேண்டும்.

நான்காவது: ஒவ்வொரு மழைக்காலத்திற்கு முன்பும் மினாராவையும் சுற்றுச்சுவரையும் பழைய கட்டடங்களையும் பார்வையிட வேண்டும். விரிசலைக் கண்டவர் எழுதித் தர வேண்டும்; நிர்வாகம் அதைப் பதிந்து, சரிசெய்த நாளையும் குறிக்க வேண்டும். எச்சரிக்கை கிடைத்த பிறகு பொறுப்பு நம் தோளில் என்பதை மறவாதீர்கள்.

சூரத்துல் கஹ்ஃபில் விழவிருந்த சுவரை ஹிள்ரு (அலை) அவர்கள் கூலி பெறாமல் நிமிர்த்தி வைத்தார்கள். அதன் கீழே இரு எத்தீம்களின் புதையல் இருந்தது. நாம் கட்டும் ஒவ்வொரு சுவரின் கீழும் யாரோ ஒரு குழந்தையின் வாழ்வு இருக்கின்றது. அதைக் காக்கும் நல்லறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.